அலைவாய்க் கரையும் அன்பர் திருப்பணியும்

மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் வாழும் அன்பர்க்குக் கடல் அண்மையதன்று. வையை மணலும் கண்மாய் நீருமே அவர்கள் கண்டு பழகியவை. ஆதலின் விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் இரண்டொரு நாள் கடற்கரைக்குச் சென்று வருதலை அவர்கள் பெரிதும் விரும்புவர். அங்ஙனம் செல்வோருள் மிகப் பலர் நாடுவது, ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்செந்தூர். கடலாடிச் செந்திலாண்டவனைத் தொழுது, வழியில் தூத்துக்குடியையும், தெற்கே மணப்பாட்டையும் கண்டு மீள்வர். கடலும் கோயிலும் அயல்நாட்டார் விட்டுச் சென்ற சுவடுகளும் வெவ்வேறு காட்சிகள் போலத் தோன்றினும், அவை ஒரே வரலாற்றின் ஏடுகள் என்க.

இப்பயணம் புதியதன்று. நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படை, திருப்பரங்குன்றத்தை முதலாவதாகவும் திருச்சீரலைவாயை அடுத்ததாகவும் வைத்துப் போற்றுகின்றது. மதுரையின் அருகே தொடங்கிக் கடற்கரைக்குச் செல்லும் வழி, தமிழிலே அத்துணைப் பழமையுடையது. குன்றுகளை உவந்து உறையும் பெருமான், ஈண்டு அலை வந்து மோதும் கரையில் எழுந்தருளியுள்ளான். மூலவர் திருக்கரத்தில் மலர் ஏந்திச் சிவபூசை செய்யும் கோலத்தினர். சூரனை வென்றபின் வெற்றிச் செருக்கின்றித் தந்தையைப் பூசித்த தலம் இதுவாகும். பின்னாளில் இக்கரைக்கு நேர்ந்தவற்றை எண்ணுங்கால் அக்கோலத்தின் பொருள் மேலும் விளங்கும்.

கொற்கை நாள் முதல் இக்கடலின் செல்வம் முத்து. அதனை நாடிப் போர்த்துக்கேசியர் பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையிற் கால் ஊன்றினர். கடலோடிகளான பரதவர் அவர்தம் பாதுகாப்பை வேண்டிக் கிறித்துவ சமயத்தைத் தழுவினர். 1542ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாட்டிலே கடலை நோக்கிய மணற்குன்றின் மீது திருச்சிலுவை ஆலயமும், அதன் அடியிலே அவர் தங்கியதாகப் போற்றப்படும் குகையும் உள்ளன. அக்குகையில் நன்னீர் ஊறும் கிணறு ஒன்று உண்டு. திருச்செந்தூரிலும் கடலுக்கு மிக அணித்தே நாழிக்கிணறு நன்னீர் சுரக்கின்றது. உப்புக் கடலின் ஓரத்தே இருவேறு சமயத்தாரும் இனிய ஊற்றைக் கண்டு அதனைப் புனிதமாகப் போற்றியமை எண்ணி மகிழத்தக்கது.

போர்த்துக்கேசியரை அடுத்து அவர்க்குப் போட்டியாக டச்சுக்காரர் வந்தனர். அந்நாளில் மதுரையில் அரசு வீற்றிருந்தவர் திருமலை நாயக்கர். செந்திலம்பதியிலே குழவிப் பருவத்து ஊமை நீங்கப் பெற்றுக் கந்தர் கலிவெண்பா அருளிய குமரகுருபர அடிகள், மதுரை சென்று மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியதும் இம்மன்னர் காலத்திலேயே. ஊமைக்கு வாய் தந்த அத்திருக்கோயிலே, அதே காலத்தில், அயலாரின் படைவீடாகவும் ஆயிற்று. முத்தும் துறைமுகமும் யாருக்கு என்னும் பூசலில், டச்சுப் படையினர் பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கடல்வழி வந்து கோயிலைக் கைப்பற்றினர். அதனை விட்டு நீங்கப் பெரும்பொருள் கேட்டனர். வணிகர்க்குக் கோயில் ஒரு பிணைப்பொருளாகவே தோன்றிற்று.

அவர்கள் நீங்கியபோது சண்முகர், நடராசர் திருவுருவங்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர் என்றும், நடுக்கடலிற் புயல் எழ அஞ்சி அவற்றை நீரில் இட்டனர் என்றும் மரபு கூறும். நாயக்கர் ஆட்சியில் நெல்லைச் சீமையை நிருவகித்த வடமலையப்ப பிள்ளையன் என்னும் அன்பர் இச்செய்தி கேட்டு உள்ளம் உருகினார். அவர் கனவிலே பெருமான் தோன்றி, எலுமிச்சங்கனி மிதக்கும் இடத்திலே கருடன் வட்டமிடும், அவ்விடத்தே தேடுக என அருளினான் என்பர். அவ்வாறே மூழ்கித் தேடிப் பெற்ற திருவுருவம் மீண்டும் கோயிலில் எழுந்தருளிய ஆண்டாக மரபு குறிப்பது 1653. படைகள் மோதியமை வரலாறு. கனவும் கனியும் பத்தியின் மொழி. ஒன்றை மற்றொன்றால் மறுக்க வேண்டுவதில்லை. இழந்ததை இழந்ததாக விட்டுவிட ஓர் அன்பரின் மனம் ஒருப்படவில்லை என்பதே இரண்டிற்கும் பொதுவான உண்மையாகும்.

அயலாரினும் நெடுநாள் கோயிலோடு பொருதது உப்புக் காற்று. பண்டைக் கோயில் கடற்கரை மணற்கல்லால் ஆயது. அக்கல் காலப்போக்கில் அரிந்து தேய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மௌன சுவாமிகள் கருங்கல்லால் திருப்பணியைத் தொடங்க, காசி சுவாமிகளும் ஆறுமுக சுவாமிகளும் அதனை ஏற்று நடத்தினர். தொடங்கியவர் தம் வாழ்நாளில் நிறைவைக் கண்டாரல்லர். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் பின், 1941இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஒன்பது நிலையுடைய மேலைக் கோபுரமோ, அவர்கட்கும் முன்னே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த தேசிகமூர்த்தி சுவாமிகள் எழுப்பியது. பணியாளர்க்குக் கூலியாக அவர் இலையில் மடித்துத் திருநீறு அளித்தார் என்றும், தூண்டுகை விநாயகர் கோயிலைக் கடந்து பிரித்தபோது அஃது உழைப்பிற்கேற்ற காசாயிற்று என்றும் கூறுவர். கைப்பொருள் இல்லாத் துறவியர் கோபுரமும் மண்டபமும் எழுப்பினர்; கப்பலும் பீரங்கியும் உடையோர் இக்கரையில் நிலைக்க இயலவில்லை. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கேசியரிடமிருந்து டச்சுக்காரர் பறித்தனர். 1825இல் அஃது ஆங்கிலேயர் கைப்பட்டது. 1947இல் அவர்களும் நீங்கினர்.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் செந்திற்கோயில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. அதே காலத்தில் கோயிலின் முன்னுள்ள மணற்கரையைக் கடல் அரித்து, அடியார் இறங்கி நீராடும் இடத்தே பள்ளம் செய்ததையும் பலர் நேரிற் கண்டனர். ஆதலின் திருப்பணி என்பது ஒரு முறை செய்து முடிப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கை ஏற்றுத் தொடர்வது.

எனவே, செந்தில் செல்லும் அன்பர் அலையில் ஆடுக, நாழிக்கிணற்றில் நீராடுக, மணப்பாட்டுக் குன்றேறிக் கடலைக் காண்க. ஆயினும் கருங்கல் மண்டபத்தே நிற்கும்போது, நிறைவைக் காணாமலே கல் அடுக்கியவரை ஒரு கணம் நினைக்க. தம் ஊர்க் கோயிலின் குடமுழுக்கிற்கு ஒரு செங்கல் தந்தவரும், ஒரு நாள் கூலியைக் காணிக்கையாக இட்டவரும் அவ்வரிசையிற் சேர்ந்தவரே. வெற்றிக்குப் பின்னும் மலர் ஏந்திப் பூசிக்கும் பெருமான், அத்தகையோர் பணியைத் தன் பூசையாகவே ஏற்றருள்வான்.