ஆல்விசியா என்றொரு பெயர்

பெருநகரில் தாத்தா வீட்டு மாமரத்தில் ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கும். தொங்கும் தடித்த வேர், வார் மாதிரி இலை. “புல்லுருவிடா அது, மரத்தத் தின்னுடும்” என்று தாத்தா அரிவாளோடு ஏறுவார். அது வாண்டா என்கிற ஆர்க்கிட் என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆர்க்கிட் மரத்தை உறிஞ்சாது. பட்டையைப் பிடித்துக்கொண்டு மழையையும் காற்றின் ஈரத்தையும் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். தப்பான பெயரால் வெட்டுப்பட்ட செடி.

பெயரைப் பற்றி யோசித்தால் இரண்டு இலங்கை ஆர்க்கிட்கள் ஞாபகம் வரும்.

ஒன்று, டென்ட்ரோபியம் மக்கார்த்தியே. இலங்கையின் ஈரக்காட்டு மரங்களில் தொங்குவது. வேறு எந்த நாட்டிலும் இயற்கையாக வளராது. வெசாக் சமயத்தில் பூப்பதால் சிங்களத்தில் ‘வெசாக் மல்’. பறிப்பும் காடழிப்பும் அதை இன்று அரிதாக்கிவிட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய துவைட்ஸ், காலனிச் செயலர் மக்கார்த்தியின் மனைவி பெயரை அதற்குச் சூட்டினார். 1855இல் கர்டிஸ் தாவரவியல் இதழில் அது படத்தோடு வந்தது. மக்கார்த்தி பிறகு ஆளுநரும் ஆனார்.

அதே பூங்காவில் 1823 முதல் 1861 வரை, 38 வருஷம், செடிகளை வரைந்துகொண்டிருந்தவர் ஹரமானிஸ் டி அல்விஸ் என்ற சிங்கள ஓவியர். அழுத்திக் காயவைத்த ஆர்க்கிட்டில் நிறமும் போய்விடும், பூவின் வடிவமும் போய்விடும். அதனால் ஓவியரின் தாள்தான் சாட்சி. 1859இல் ஆங்கிலத் தாவரவியலாளர் லிண்ட்லி, மரத்தில் வளரும் ஒரு சிறு இலங்கை ஆர்க்கிட்டுக்குத் தனிப் பேரினம் வகுத்து, ஓவியரின் நினைவாக ‘ஆல்விசியா’ என்று பெயரிட்டார்.

இன்று அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. தனிப் பேரினம் தேவையில்லை என்று பின்னால் வந்தவர்கள் அதை பிரையோபியத்தில் சேர்த்துவிட்டார்கள். பிரையோபியமும் லிண்ட்லி 1836இல் வைத்த பெயர்தான். இரண்டு ஒன்றானால் மூத்த பெயரே நிற்கும் என்பது விதி. அதில் அநியாயம் ஏதும் இல்லை. ஆனாலும் செயலர் வீட்டம்மா பெயர் பூவில் நிற்கிறது, 38 வருஷம் பூ வரைந்தவர் பெயர் ‘இணைப்பெயர்’ பட்டியலுக்குப் போய்விட்டது.

கோட் எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல. ஃபைல் பெயர் மாறினாலும், முதலில் எழுதியவரை ஹிஸ்டரியில் தேடினால் கிடைப்பார். தேட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தா இப்போது இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது மாமரக் கிளையில் மறுபடி இரண்டு இலை. “புல்லுருவி, வெட்டிடவா?” என்றார் சித்தப்பா.

“இல்ல சித்தப்பா, அது பேரு வாண்டா.”

அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.