ஏ.பி.எஸ் பைக்குக்கு வீட்டிலேயே பிரேக் ப்ளீடிங்... எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்தணும்?

பிரேக் லீவரைப் பிடிச்சா பஞ்சு மாதிரி அமுங்குதா? பிரேக் லைனுக்குள் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை வெளியேற்றுவதுதான் ப்ளீடிங். மெக்கானிக் பாஷையில், 'ஏர் எடுக்கிறது'. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம் என்பதால், உங்க வண்டியிலும் அது இருக்கலாம். பயப்பட வேண்டாம், அடிப்படை ப்ளீடிங்கை நீங்களே செய்யலாம்.

ஏன் முக்கியம்?

பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால்தான் லீவர் முழுசா உள்ளே போனாலும் பிரேக் சரியா பிடிக்காது. இந்த ஆயில் ஈரத்தையும் உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அது 155 வரை இறங்கலாம். கொல்லிமலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கிறப்போ ஆயில் கொதிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. பெரும்பாலான பைக்குகளில் 2 வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றணும்.

எப்படிச் செய்வது?

1. ஆயில் டப்பாவின் மூடியில் எந்த டாட் என எழுதியிருக்கும். சீல் உடைக்காத அதே ஆயிலை வாங்குங்க. சிலிக்கான் வகையான டாட் 5 வேண்டாம்.

2. டப்பா நேராக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்புங்க. டேங்க்கைத் துணியால் மூடுங்க. ஆயில் பட்டா பெயின்ட் போயிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊத்திக் கழுவுங்க.

3. காலிப்பரில் இருக்கும் ப்ளீட் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, டிரான்ஸ்பரன்ட் டியூபைச் செருகுங்க. மறுமுனை, கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கணும்.

4. லீவரை மெதுவா சில முறை அழுத்தி, பிடிச்சுக்கோங்க. நிப்பிளைக் கால் சுற்று திறங்க. ஆயிலும் குமிழும் வரும். நிப்பிளை மூடிய பிறகே லீவரை விடணும். குமிழ் நிற்கும்வரை தொடருங்க.

5. டப்பாவில் ஆயில் 'மின்' கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. போனால், காற்று மறுபடி உள்ளே போய் ஏ.பி.எஸ் யூனிட் வரைக்கும் போயிடலாம்.

எங்கே நிறுத்தணும்?

யூனிட்டுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கு. அங்கே சிக்கிய காற்று, லீவரை எத்தனை முறை அழுத்தினாலும் வராது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் டூலை மாட்டி, பம்ப்பையும் வால்வையும் இயக்கித்தான் எடுப்பாங்க. யூனிட்டை நீங்க கழற்றவே கழற்றாதீங்க.

ஏ.பி.எஸ் லைட், சாவி போட்டதும் எரிந்து, வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணையணும். அணையலைன்னா வீல் சென்ஸாரிலும் அதன் ரிங்கிலும் சேறு இருக்கான்னு பார்த்துத் துடைங்க. ஃபியூஸையும் பாருங்க. அப்பவும் எரிந்தால் மெக்கானிக்கிட்ட போங்க. சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனா, சக்கரம் லாக் ஆகலாம். மெதுவா ஓட்டுங்க.

எல்லாம் முடிஞ்சதும் நின்ற இடத்திலேயே லீவரை அழுத்திப் பாருங்க. கெட்டியா நிற்கணும். பிறகு காலி ரோட்டில் மெதுவா ஓட்டி சோதிங்க. இன்னும் பஞ்சு மாதிரி இருந்தா, 'பக்கத்துக் கடைக்குத்தானே'ன்னு கூட வண்டியை எடுக்காதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்க.