ஓரத்தில் தொடங்கும் போர்வை

சனத்நகரில் தெலுங்கு மகளிர் பழம்புடவைகளைக் கொண்டு தைக்கும் 'பொந்த'யைக் காணுந்தோறும் வட கன்னட மாவட்டத்துச் சித்தியர் நம் நினைவுக்கு வருகின்றனர். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொணர்ந்தோருள் தப்பியோடிக் காடடைந்தோர் பலர். அவர்தம் வழியினர் எல்லாப்பூர், ஹளியால் பகுதிகளில் வாழ்கின்றனர்.

அம்மகளிர் தைக்கும் ஒட்டுப்போர்வை 'கவந்தி' எனப்படும். முன்கூட்டி வரைபடம் இல்லை. அடிப்புடவையின் ஓரத்தில் தொடங்கி, கைக்குக் கிட்டும் துண்டுகளைப் பொருத்தி, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பர். மூலைகளில் மடித்த துணிப்பூ வைத்தே நிறைவு காண்பர்.

மறைந்த அன்னையாரின் சுங்குடிப் புடவைத் துண்டுகளை எங்கே வைப்பதெனத் தெரியாது, நம் இல்லத்தார் நெடுநாள் மூட்டையாகவே வைத்திருந்தோம். சித்தியர் முறை வழிகாட்டிற்று. சுங்குடியில் ஊசி தொடங்கியது. ஈண்டுப் பிறந்த மகளின் பாவாடைத் துணியில் முடிந்தது.