கைமாறும் அதிகாரம்

விகிதம் சொல்வதில் நெட்வொர்க் அனலைசர் கில்லாடி. ஓர் ஆம்ப்ளிஃபையருக்குள் போன சமிக்ஞை எவ்வளவு, மறுபக்கம் வந்தது எவ்வளவு, உள்ளே போகாமல் வாசலிலேயே திரும்பியது எவ்வளவு என்று அதிர்வெண் வாரியாகத் திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். ஆனால், தன் வாயிலிலிருந்து இந்த நொடி எத்தனை மில்லிவாட் வெளியேறுகிறது என்ற கேள்விக்கு அதனிடம் உத்தேசமான பதில்தான் உண்டு. கேபிளின் மறுமுனையில் அந்த உத்தேசமும் பொய்க்கும். அதிர்வெண் ஏற ஏறக் கேபிள் விழுங்கும் ஆற்றலும் கூடுகிறது அல்லவா?

ஃபில்டரைச் சோதிப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. உள்ளே போனது குறைந்தால் வெளியே வருவதும் அதே அளவில் குறையும், விகிதம் மாறாது. ஆம்ப்ளிஃபையரின் குணம் வேறு. ஓர் அளவுக்கு மேல் ஆற்றல் கொடுத்தால் அது திணறும், பெருக்கம் சுருங்கும். அந்தத் திணறல் எங்கே தொடங்குகிறது என்று எழுத வேண்டுமானால் விகிதம் உதவாது. உண்மையான ஆற்றல் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியது பவர் மீட்டர்.

பவர் மீட்டரின் வம்சம் பழையது. அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போலோமீட்டரை உருவாக்கினார். சூரியனிலிருந்து வரும் வெப்பக் கதிர்கள் மெல்லிய உலோகப் பட்டையைச் சூடாக்கும். பட்டையின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் கதிரின் ஆற்றல் தெரியும். பின்னாளில் நுண்ணலைப் பொறியாளர்கள் கைக்கொண்டதும் இதே வழிதான்: அலையின் ஆற்றலைச் சூடாக மாற்று, சூட்டை அள. 1970களில் ஹியூலெட்-பேக்கார்ட் கொண்டுவந்த 8481ஏ சென்சாருக்குள் ஒரு நுண்ணிய தெர்மோகப்பிள் இருந்தது. 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 18 கிகாஹெர்ட்ஸ் வரை அது அளக்கும். மீட்டரின் முகப்பிலேயே 50 மெகாஹெர்ட்ஸில் சரியாக 1 மில்லிவாட் தரும் ஒரு வாயில் உண்டு. சென்சாரை முதலில் அதில் மாட்டி மீட்டரைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் வேலை தொடங்கும்.

சூட்டை அளக்கும் கருவிக்கு அவசரம் ஆகாது. ஆற்றல் குறைவான இடங்களில் எண் நிலைகொள்ள நொடிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, சென்சாரின் உடம்பில் ஒட்டிய சீட்டில் அதிர்வெண்ணுக்கு ஏற்றபடி ஒரு திருத்தக் காரணி அச்சாகியிருக்கும். ஆக, கையால் செய்பவரின் வேலை இப்படிப் போகும்: அதிர்வெண்ணை வை, காத்திரு, மீட்டரைப் படி, சீட்டைப் பார், கணக்குப் போடு, நோட்டில் எழுது, அடுத்த அதிர்வெண்ணுக்குப் போ. அனலைசர் திரையின் ஒரு கோட்டில் வழக்கமாக 201 புள்ளிகள். அத்தனையையும் பொறுமையாக எழுதி முடிப்பவர்கள் குறைவு; நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டு மற்றதை ஊகித்துக்கொள்வதே மனித சுபாவம்.

இந்த வேலையை இயந்திரத்திடமே தள்ளிவிடலாம் என்ற எண்ணம் அதே நிறுவனத்தில் முன்பே வேர்விட்டிருந்தது. ஹியூலெட்-பேக்கார்டின் முதல் கம்ப்யூட்டரான 2116ஏ 1966-ல் வந்தபோது அலுவலகக் கணக்குகள் அதன் இலக்கல்ல. அளவுக் கருவிகளை ஆட்டிவைக்கவே அது பிறந்தது. 1968-ல் ரிச்சர்ட் ஹேக்போர்ன் என்ற பொறியாளர், கம்ப்யூட்டர் இயக்கும் தானியங்கி நெட்வொர்க் அனலைசர் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் லேசர்ஜெட் பிரின்டர் தொழிலைக் கட்டியெழுப்பியவரும் இவர்தான். ஆனால் அன்றைய அமைப்புகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு விதமான இணைப்பு இருந்தது. புதிதாக ஒரு மீட்டரைச் சேர்ப்பதென்றால் வயரிங்கையே புதிதாக யோசிக்க வேண்டும்.

அந்தச் சிக்கலுக்கு 1970களின் தொடக்கத்தில் விடை வந்தது. ஹெச்பி-ஐபி என்று நிறுவனம் பெயரிட்ட அந்தப் பொதுப் பாதையில் 16 கம்பிகள்: எட்டு தகவலுக்கு, மூன்று கைகுலுக்கலுக்கு, ஐந்து நிர்வாகத்துக்கு. ஒன்றின் முதுகில் ஒன்றாக மாட்டிக்கொண்டே போகக்கூடிய 24 முனை இணைப்பான். அதிகபட்சம் 15 கருவிகள். மொத்தம் 20 மீட்டர் கேபிள். ஒவ்வொரு பைட்டையும் எல்லோரும் வாங்கி முடித்த பிறகே அடுத்தது கிளம்பும் என்பதால், மந்தமான கருவியும் வேகமான கருவியும் ஒரே கேபிளில் சண்டையின்றி வாழ்ந்தன. 1975-ல் இது ஐஇஇஇ 488 என்ற தரமாயிற்று. போட்டியாளர்கள் ஜிபிஐபி என்று அழைத்தார்கள். ஐரோப்பியத் தரம் மட்டும் 25 முனை இணைப்பானைத் தேர்ந்தெடுத்தது. கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டிலும் அதே வடிவம்தான் புழங்கியது என்பதை நினைத்தால், அந்தத் தேர்வைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்தப் பாதையில் ஒரு கறாரான விதி உண்டு. எந்த நேரத்திலும் கட்டுப்பாடு ஒருவர் கையில்தான். யார் பேசலாம், யார் கேட்கலாம் என்பதை, பட்டிமன்ற நடுவரைப் போல, அந்தக் கன்ட்ரோலரே அறிவிக்கும். மற்றவை பேசச் சொன்னால்தான் பேசும். கம்ப்யூட்டர் கன்ட்ரோலராக இருந்து நாலு கருவிகளிடம் வேலை வாங்கும்வரை இந்த விதி யாரையும் உறுத்தவில்லை.

1980களின் பிற்பகுதியில் உறுத்தியது. கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவிலிருந்து வெளிவந்த ஹியூலெட்-பேக்கார்டின் 8753 வரிசை அனலைசர்களுக்குள் சொந்த மூளை இருந்தது. ஆற்றல் திருத்தத்தைத் தாங்களே செய்துகொள்ளும் வசதியும் சேர்ந்தது. சென்சாரைக் கேபிள் முனையில் மாட்டிவிட்டால் போதும். 436ஏ, 437பி, 438ஏ ஆகிய மீட்டர்களில் ஒன்றை அனலைசரே அதட்டிக் கேட்டு, புள்ளி புள்ளியாக ஆற்றலைத் திருத்தி, அட்டவணையை நினைவில் வைத்துக்கொள்ளும். சென்சார் சீட்டிலுள்ள காரணிகளையும் முன்கூட்டியே அதனுள் பதியலாம். ஒரே ஒரு முறை திருத்திவிட்டு மீட்டரைக் கழற்றிவிடுவது ஒரு வகை. சமிக்ஞையைப் பிரித்து ஒரு கிளையில் மீட்டரை நிரந்தரமாக வைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் திருத்துவது இன்னொரு வகை. துல்லியம் கூடும், வேகம் நத்தையாகும்.

சரி, அந்த அனலைசரையே ஒரு கம்ப்யூட்டர் தொலைவிலிருந்து இயக்கினால்? மீட்டரிடம் பேச அனலைசர் கன்ட்ரோலராக வேண்டும். அந்த நாற்காலியிலோ கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. எனவே திருத்தம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் எழுந்து இடம் தர வேண்டும். கட்டளை வந்ததும் அனலைசர் தன் நிலைப் பதிவேட்டில் ஒரு பிட்டை உயர்த்தி, கட்டுப்பாடு வேண்டும் என்று தெரிவிக்கும். கம்ப்யூட்டர் அந்த பிட்டைக் கவனித்து அதிகாரத்தை ஒப்படைக்கும். ஹெச்பியின் பேசிக் மொழியில் அதற்கென்றே 'பாஸ் கன்ட்ரோல்' என்றொரு கட்டளை இருந்தது. அனலைசர் 16-ம் முகவரியிலிருந்து 13-ம் முகவரியிலுள்ள மீட்டரை விசாரித்து முடித்து, 21-ம் முகவரியிலுள்ள கம்ப்யூட்டரிடம் அதிகாரத்தைத் திருப்பித் தரும். நிறுவனம் ஆலையிலேயே வைத்து அனுப்பிய எண்கள் இவை.

திருப்பித் தர வேண்டிய முகவரி தப்பாக இருந்தால் வேடிக்கைதான். இல்லாத ஆளிடம் சாவியைக் கொடுத்தாயிற்று; பாதையே உறைந்து நிற்கும். அதற்கும் விதியில் ஒரு மருந்து இருந்தது. பாதையின் ஆதி உரிமையாளரான சிஸ்டம் கன்ட்ரோலர் மட்டும் ஒரு தனிக் கம்பியை அசைத்து, எல்லோரையும் வாய்மூட வைத்து, அதிகாரத்தைப் பறித்துக்கொள்ளலாம்.

புரோகிராமர்கள் பலர் இந்தக் கைமாற்றமே வேண்டாம் என்று விலகினார்கள். அனலைசரை ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தி, மீட்டரைக் கம்ப்யூட்டரே படித்து, அட்டவணையைத் தாங்களே போட்டார்கள். பார்த்தால் பழைய நோட்டுப் புத்தக முறைதான். எழுதும் கைதான் வேறு. என் கணக்கில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: நேரம் கூடப் பிடித்தாலும், எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. பின்னாளில் வந்த யுஎஸ்பி மாற்றிகளில் சிலவற்றுக்கு நாற்காலியை விட்டுக்கொடுக்கும் வித்தையே தெரியாது என்பதால், இந்த வழி இன்னும் பலப்பட்டது.

கடைசியில் சிக்கலைத் தீர்த்தது இன்னொரு துளை. பிஎன்ஏ-எக்ஸ் போன்ற புதிய தலைமுறை அனலைசர்களின் பின்பக்கத்தில் இரண்டு ஜிபிஐபி இணைப்பான்கள் வந்தன. ஒன்றில் அனலைசர் கம்ப்யூட்டரின் சொல் கேட்கும்; மற்றொன்றில் தானே கன்ட்ரோலராகி மீட்டரை ஏவும். யுஎஸ்பி சென்சார்கள் வந்தபின் தனி மீட்டர் பெட்டியும் தேவையற்றுப்போனது; சென்சாரின் வாலை அனலைசரிலேயே செருகிவிடலாம். 8753-ஐ இன்றும் ஓட்டும் ஆய்வகங்களில் மட்டும், திருத்தம் தொடங்குமுன் கம்ப்யூட்டர் அந்த ஒரு பிட் உயர்வதற்குக் காத்திருக்கிறது.