இருட்டறையில் காணாமல் போன பட்டகம்

நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில், ஆய்வகத்தில் கூட்டு ஊசல் பரிசோதனை என்றால் விடை 980-க்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்துவிட்டால் ஸ்டாப் வாட்ச் முள்ளும் தோதாகத்தான் நிற்கும்! நானும் அப்படி எழுதியவன்தான். ஏமாற்ற நினைக்கவில்லை, கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் பிளாண்ட்லோ கதையைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ரெனே பிளாண்ட்லோ பிரான்சில் நான்சி நகரப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். மின்காந்த அலைகளின் வேகத்தை அளந்து பெயர் வாங்கியவர். 1895-ல் எக்ஸ் கதிர், மறுவருடமே கதிரியக்கம் என்று, புதுக்கதிர் வந்தால் யாரும் வியக்காத காலம் அது. 1903-ல் இவரும் ஒன்றை அறிவித்தார். தன் ஊரின் முதலெழுத்தை வைத்து 'என்-கதிர்' என்று பெயர். (தமிழில் எழுதினால் 'என்னுடைய கதிர்' என்றாகிறது. அதுவும் பொருத்தம்தான்!)

இந்தக் கதிர் பட்டால் சிறு மின்பொறியோ, ஒளிரும் திரையோ சற்றே பிரகாசமாகுமாம். அந்த 'சற்றே'யை இருட்டறையில் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும். பிரான்சில் பலர் பார்த்தார்கள். சார்பான்டியே என்பவர் மனித நரம்பிலும் தசையிலும் இருந்து அது வருகிறது என்றார். மயக்க மருந்து காட்டினால் உலோகம் கதிர்வீசுவதை நிறுத்திவிடும் என்றுகூட ஒருவர் எழுதினார். கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. இங்கிலாந்தில் கெல்வினுக்கும் ஜெர்மனியில் ரூபன்ஸுக்கும் மட்டும் எதுவும் தெரியவில்லை.

1904 செப்டம்பரில் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட் நான்சிக்குப் போனார். ஆவிகளோடு பேசுகிறேன் என்பவர்களின் தந்திரத்தைப் பிடிப்பதில் அவருக்குத் தனி ஆர்வம் உண்டு. அலுமினியப் பட்டகம் ஒன்று என்-கதிரை நிறமாலையாகப் பிரிக்கிறது என்று பிளாண்ட்லோ காட்டினார். ஒளிரும் நூலை நகர்த்தி, எந்தெந்த இடத்தில் பிரகாசம் கூடுகிறது என்று அளவு சொல்லிக்கொண்டே வந்தார். இருட்டில் வுட் ஓசைப்படாமல் பட்டகத்தை எடுத்துவிட்டார். அளவுகள் மாறவே இல்லை!

வுட் பின்னாளில் சொன்ன இன்னொன்றும் சுவையானது. உதவியாளருக்குச் சந்தேகம் வந்து தானே அளக்க உட்கார்ந்தாராம். வுட் வேண்டுமென்றே காலடிச் சத்தம் கேட்கப் பட்டகத்தின் பக்கம் போனார், ஆனால் தொடவில்லை. உடனே உதவியாளர், "ஒன்றும் தெரியவில்லை, இந்த அமெரிக்கர் எதையோ கலைத்துவிட்டார்" என்கிற மாதிரி பிரெஞ்சில் சொன்னாராம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பட்டகம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதாவது, இல்லாதபோது தெரிந்தது, இருந்தபோது தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் வுட்டின் கடிதம் 'நேச்சர்' இதழில் வந்தது. பிரான்சுக்கு வெளியே என்-கதிர் அத்தோடு முடிந்தது. பிரான்சில் இன்னும் சில காலம் இழுத்தது. 1906-ல், கதிர் உள்ள பெட்டி எது, இல்லாத பெட்டி எது என்று சொல்லும் ஒரு பரீட்சைக்கு பிளாண்ட்லோவை அழைத்தார்கள். விஷயம் மிக நுட்பமானது, அவரவர் தங்கள் கருத்தை வைத்துக்கொள்ளட்டும் என்று மறுத்துவிட்டார். எனக்கு இந்த இடம்தான் வருத்தம். மூன்று வருட உழைப்பு, ஊரார் முன்னால், ஒரே நாளில்... நானாயிருந்தால் போயிருப்பேனா?

அவமானத்தில் மனம் பேதலித்துச் செத்தார் என்று சில கட்டுரைகளில் வருகிறது. அதையும் அப்படியே நம்பவேண்டாம். 1909-ல்தான் ஓய்வு பெற்றார். அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து 1930-ல் காலமானார்.