ஆறு கனவான்களும் ஒரு பின்குறிப்பும்

ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரி, சார்ட்லி மாளிகையில் காவலில் இருந்தபடி, 1586 ஜூலை 17 அன்று அந்தோணி பாபிங்டன் என்ற கத்தோலிக்க இளைஞனுக்கு எழுதிய கடிதம் இது. சங்கேத எழுத்தில் அமைந்தது. பீர் பீப்பாய்க்குள் ஒளித்து வெளியே போனது. அந்தப் பீப்பாய் வழியைத் திறந்துவிட்டதே இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் அரசி எலிசபெத்தின் செயலர் வால்சிங்காம்தான் என்பது மேரிக்குத் தெரியாது.

தொடக்கம் முழுக்கத் தன்னை மீட்கும் திட்டம் பற்றிய கேள்விகள். காலாட்படை எவ்வளவு, குதிரைப்படை எவ்வளவு, வெளிநாட்டுப் படை எந்தத் துறைமுகத்தில் இறங்கும், பணமும் ஆயுதமும் போதுமா? பதினெட்டு ஆண்டு அடைபட்டுக் கிடந்தவரின் புலம்பல் இதில் இல்லை. படை நடத்துபவரின் கணக்கு இருக்கிறது.

அடுத்த பகுதிதான் உயிர்நாடி. எல்லாம் ஆயத்தமானதும் அந்த ஆறு கனவான்களை வேலையில் இறக்கலாம் என்கிறார். என்ன வேலை? அவர் எழுதவில்லை. ஆனால் எலிசபெத்தைக் கொல்ல ஆறு பேர் இருப்பதாகப் பாபிங்டன் முன்பே எழுதியிருந்தான். இது அதற்கான பதில். மேரியைச் சிக்கவைப்பது இந்தச் சொற்களைவிட அடுத்து வரும் ஏற்பாடுதான் என்பேன். காரியம் முடிந்த சேதியை உடனே கொண்டுவர, வேகமான குதிரைகளோடு நால்வர் தயாராக நிற்க வேண்டுமாம். காவலருக்குத் தகவல் எட்டும் முன் தன்னை மீட்டுவிட வேண்டும் என்ற பயம் அது. கொலை நடக்கும் என்று தெரியாதவருக்கு இந்தப் பயம் எதற்கு?

தப்பும் வழியாக மூன்று சொல்கிறார்: வெளியே குதிரையேறிப் போகையில் மறிப்பது, நள்ளிரவில் களஞ்சியங்களுக்குத் தீ வைப்பது, காலையில் வரும் வண்டிகளை வாசலில் கவிழ்த்துக் கதவை மூடவிடாமல் செய்வது.

கடைசியில் உள்ள பின்குறிப்பு மேரியுடையதே அல்ல. ஆறு பேரின் பெயர்களைக் கேட்கும் அதைச் சேர்த்தவர் வால்சிங்காமின் சங்கேத நிபுணர் தாமஸ் ஃபெலிப்ஸ். இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. சதியை உடந்தையாக அறிந்திருந்தாலே குற்றம் என்று 1585-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. அந்தக் குற்றத்தை நிறுவ மேரியின் சொந்த வரிகளே போதும். ஒட்டுவேலை மொத்தக் கடிதத்தின் மீதும் சந்தேகத்தை ஏற்றிவிட்டது. மேரிக்காக வாதாடுவோர் இன்றும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னர் ஃபாதரிங்கே கோட்டையில் தன் மீது நடந்த விசாரணையில் மேரி கடிதத்தின் மூலத்தைக் காட்டச் சொன்னார். நகலும் அவருடைய செயலர்கள் நா, கர்ல் இருவரின் வாக்குமூலமும்தான் வந்தன. பின்குறிப்பை நீதிபதிகள் முன் அரசுத் தரப்பு வைக்கவே இல்லை.