மனச்சிதைவு நோய்: தேறுமா, தேறாதா என்ற கேள்வியின் வரலாறு

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்பது ஒருவருடைய சிந்தனை, உணர்வு, புலனறிவு ஆகியவற்றின் ஒழுங்கு குலைந்து, நடப்பு உலகத்தின் மீது அவருக்குள்ள பிடி தளர்ந்துபோகும் கடுமையான மனநோய் ஆகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர், அதாவது ஏறத்தாழ 300 பேரில் ஒருவர், இந்நோயுடன் வாழ்கின்றனர். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்குகிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே தொடங்கும்.

யாரும் பேசாதபோதும் நோயாளிக்குக் குரல்கள் கேட்கும். அவை அவரைத் திட்டும், கட்டளையிடும், அவரைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும். பக்கத்து வீட்டார் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள், தொலைக்காட்சியில் தன்னைப் பற்றியே சொல்கிறார்கள், தன் எண்ணங்களை யாரோ திருடுகிறார்கள் என்பன போன்ற அசைக்க முடியாத நம்பிக்கைகள் உண்டாகும். பேச்சு கோவையற்றுப் போகும். இவை வெளியே தெரிபவை. குடும்பத்தார் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது சத்தமில்லாத அறிகுறிகளைத்தான். குளிக்காமல், பேசாமல், எதிலும் விருப்பமின்றி ஒரே இடத்தில் கிடப்பதும் இந்நோயின் பகுதியே. அதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் எண்ணித் திட்டிய வீடுகள் ஏராளம்.

இந்த அறிகுறிகளின் விவரிப்பு நூறாண்டுகளாக ஏறக்குறைய ஒன்றுதான். மாறிவந்தது, 'இவர் இனி என்ன ஆவார்?' என்ற கேள்விக்கு மருத்துவம் சொன்ன விடை.

கிரேப்பெலினின் அட்டைகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த எமில் கிரேப்பெலின், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். நோய் எப்படித் தொடங்கியது, எப்படி நடந்தது, எங்கே முடிந்தது என்பதை அதில் சுருக்கி எழுதி, அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். அதுவரை தனித்தனி நோய்களாகக் கருதப்பட்ட சிலவற்றை ஒன்றாக்கி, 1893இல் வெளிவந்த தம் பாடநூலின் நான்காம் பதிப்பில் 'டிமென்சியா பிரிகாக்ஸ்' என்ற தலைப்பைச் சேர்த்தார். இளமையிலேயே வரும் அறிவுத்தேய்வு என்பது அதன் பொருள். 1899இல் வந்த ஆறாம் பதிப்பில், எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோயிலிருந்து இதைத் தெளிவாகப் பிரித்தார். இவ்விரண்டையும் அவர் பிரித்த முக்கிய அளவுகோல் முடிவு: அது விட்டு விட்டு வந்து தேறும், இது தேயும்.

இந்தப் பிரிப்பு இன்றும் உளமருத்துவத்தின் அடித்தளங்களுள் ஒன்று. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி, மருத்துவரின் கண்ணில் திரும்பத் திரும்பப் படுபவர் தேறாத நோயாளியே. தேறி வீடு திரும்பியவர் அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார். ஒரு சிறு பகுதியினர் குணமானதைக் கிரேப்பெலினே பதிந்துள்ளார். ஆயினும் 'தேய்வு' என்பது பெயரிலேயே ஏறிவிட்டதால், நோய் இன்னதென்று சொல்வதே தீர்ப்புச் சொல்வதாக ஆயிற்று.

பிளாய்லரின் திருத்தம்

சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர், ரைனாவ் என்ற ஊரின் மனநோய்க் காப்பகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளிகளின் நடுவிலேயே வாழ்ந்தவர். பின்னர் சூரிக்கின் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைக்குத் தலைவரானார். நோயாளிகள் எல்லோருக்கும் அறிவு தேய்வதில்லை என்பதையும், நோய் எப்போதும் இளமையில்தான் தொடங்கும் என்பதில்லை என்பதையும் அவர் அருகிருந்து கண்டார். 1908 ஏப்ரல் 24 அன்று பெர்லினில் ஆற்றிய உரையில் 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற புதிய பெயரை முன்வைத்தார். பிளத்தல், மனம் என்னும் பொருள் கொண்ட இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1911இல் வெளியான தம் நூலின் தலைப்பிலேயே இதை ஒரு நோய் என்னாமல் நோய்களின் குழு என்றார்.

அவர் சொன்ன பிளவு, எண்ணமும் உணர்வும் ஒன்றோடொன்று இணையாமல் போவது. ஓர் உடலில் இரண்டு ஆட்கள் குடியிருப்பது அன்று. 'அந்நியன்' (2005) போன்ற படங்களில் காட்டப்படுவது பல்லாளுமை, அது வேறு. இந்தக் குழப்பம் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, உலகெங்கும் உள்ளது. அதற்குப் பிளாய்லர் தேர்ந்த சொல்லும் ஒரு காரணம்.

பிளாய்லரின் திருத்தம் எல்லோர் காதிலும் விழவில்லை. 1933 ஜூலையில் நாஜி அரசு இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஸ்கிசோஃப்ரினியா இரண்டாவதாக இடம்பெற்றது. அச்சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவர் எர்ன்ஸ்ட் ரூடின். கிரேப்பெலின் மியூனிக்கில் நிறுவிய ஆய்வு நிலையத்தில் வளர்ந்து பிறகு அதற்கே தலைவரானவர். 1940க்கும் 1941க்கும் இடையில் மனநோய்க் காப்பகங்களிலிருந்தும் ஊனமுற்றோர் இல்லங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும் பகுதியினர் ஸ்கிசோஃப்ரினியா என்று குறிக்கப்பட்டவர்கள். பரம்பரை நோய், தேறாத நோய் என்ற இரண்டு முத்திரைகளும் சேர்ந்தபோது, மருத்துவர்களே கொல்ல வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

குற்றம் சுமந்த தாய்மார்கள்

போருக்குப் பின் மறுகோடிக்குப் போனது சிந்தனை. அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948இல், தாயின் வளர்ப்பு முறை பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்கக்கூடும் என்று எழுதினார். போதிய ஆதாரமின்றியே அக்கருத்து பரவி, ஏற்கெனவே நொந்திருந்த பெற்றோர் மீது குற்றவுணர்வையும் ஏற்றியது. 1960களில் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளே அதை அசைத்தன. நோயுள்ள தாய்க்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது.

அதற்காக மரபணுவே எல்லாம் என்றும் ஆகிவிடாது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ பாதிக்கும் குறைவான இணைகளில்தான். 2014இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புடைய 108 மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. கருவில் இருக்கும்போது ஏற்படும் கேடுகள், பேறுகாலச் சிக்கல்கள், இளவயதில் மிகுதியாகக் கஞ்சா புகைத்தல், குடிபெயர்வு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பேய், சாபம், கல்யாணம் ஆகாமை ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை.

மருந்து வந்தது

குளோர்புரோமசின் 1950இல் பிரான்சில் உருவாக்கப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு உதவியாகப் பயன்பட்ட இம்மருந்தை, 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தனர். இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்துவதும் மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுப்பதுமே சிகிச்சையாக இருந்த காலம் அது. குரல்கள் அடங்கிய நோயாளிகளைக் கண்டு மருத்துவர்கள் வியந்தனர். மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது பிறகே தெரிந்தது. மூளையில் செய்தி கடத்தும் டோப்பமைன் என்ற பொருளின் செயலை அது தடுக்கிறது. சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1963இல் இத்திசையைக் காட்டினார். அதே தடுப்புதான் கைநடுக்கத்துக்கும் உடல் விறைப்புக்கும் காரணம் என்பதால், பலர் மருந்தைப் பாதியில் விட்டனர். சத்தமில்லாத அறிகுறிகளுக்கு இம்மருந்துகள் இன்றுவரை பெரிதாக உதவுவதில்லை.

ஆக்ராவும் சென்னையும்

1960களின் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளைத் தேர்ந்து தொடர்ந்து கவனித்தது. லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் ஆகியவற்றோடு இந்தியாவின் ஆக்ராவும் அதில் ஓர் இடம். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, இந்தியா, நைஜீரியா, கொலம்பியா ஆகிய நாடுகளின் நோயாளிகள் பணக்கார நாட்டினரைவிட நன்றாகத் தேறியிருந்தனர். கூட்டுக் குடும்பமே காரணம் என்று பலர் பெருமைப்பட்டனர். ஆனால் அம்முடிவு பின்னர் கேள்விக்குள்ளானது. எல்லா ஏழை நாடுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றும், சிகிச்சையே கிடைக்காதவர்களின் நிலை அதில் சரியாகத் தெரியாது என்றும் ஆய்வாளர்கள் சுட்டினர்.

இக்கேள்வியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1980களின் தொடக்கத்தில், முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் பதிவு செய்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தனர். பெரும்பாலோருக்கு நோய் விட்டு விட்டு வந்தது. இடையில் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிலரே. கிரேப்பெலினின் தீர்ப்பு இங்கே பெரும்பாலும் பொய்த்தது. ஆனால் குடும்பம் எல்லோரையும் ஒரே மாதிரி தாங்கவில்லை. நோயுற்ற ஆணை மனைவி பார்த்துக்கொண்ட வீடுகள் பல. நோயுற்ற மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்ட கணவர்களும் பலர்.

இத்தொடர் ஆய்வு ஸ்கார்ஃப் நிறுவனத்தோடு பின்னிப் பிணைந்தது. 1984இல் அதைத் தொடங்கியவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் (1923–2021). அதற்கு முன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். 1794இல் தோன்றிய ஒரு காப்பகத்தின் வழிவந்தது அம்மருத்துவமனை. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே தமிழ்ப் படங்களில் கேலிச் சொல்லாகிப் போனதால், அங்கே போவதற்குக் கூச்சப்பட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் எத்தனையோ.

கூச்சமும் வறுமையும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தவர்களைத் தங்கவைத்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். மருந்து கண்டுபிடிக்கப்பட்டு அப்போது அரை நூற்றாண்டு ஆகிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வடிவிலும் தடை செய்தது.

பெயர் மாற்றம்

ஜப்பானிய மொழியில் இந்நோய் 'மனம் பிளந்த நோய்' என்றே அழைக்கப்பட்டுவந்தது. மருத்துவர்கள் பலர் அப்பெயரை நோயாளியிடம் சொல்லவே தயங்கினர். நோயாளர் குடும்பங்களின் அமைப்பு கேட்டுக்கொண்டதால், 2002இல் அந்நாட்டு மனநல மருத்துவச் சங்கம் அதை 'ஒருங்கிணைவுக் குறைபாடு' என்ற பொருள்தரும் பெயராக மாற்றியது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், நோய் இன்னதென்று நேரடியாகச் சொல்லப்பட்ட நோயாளிகளின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்கானது. தென் கொரியா 2011இல் ஏற்ற பெயருக்கு, நரம்பிசைக் கருவியின் தந்திகளைச் சுருதி கூட்டுவது என்ற கருத்து அடிப்படை. சுருதி விலகினால் மறுபடி கூட்டலாம். தமிழில் மருத்துவ நூல்களிலும் செய்தித்தாள்களிலும் 'மனச்சிதைவு' என்பதே இன்னும் வழங்குகிறது.